சொல்லெதிர் பெறாத காதல்

தமிழ்ப் புனைவில் காதலுக்கும் பித்துக்கும் இடையிலான எல்லையை உணர்ச்சியின் அளவைக் கொண்டு வரைய முடியாது என்பதும், காதலிக்கப்படுபவர் மறுமொழி சொல்ல அந்தக் கதை இடம் தருகிறதா என்பதே அந்த எல்லையைக் காட்டும் அடையாளம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்து நூல்களிலிருந்து மட்டும் திரண்டதன்று. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் காவிரிப் படுகையின் சிறுநகரங்களில் வாசிக்கத் தொடங்கி, திண்ணையிலும் கிளை நூலகத்திலும் கல்லூரி வகுப்பறையிலும் திரையரங்கிலும் ஒரே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் எதிர்கொண்ட ஒரு தலைமுறையின் நினைவுகளிலிருந்து திரண்டது. பித்து என்னும் சொல் இங்கே மருத்துவப் பொருளில் ஆளப்படவில்லை. ஒருவர் மற்றொருவரைத் தம் மனத்துக்குள் வைத்துப் பெருக்கிக்கொண்டே போய், வெளியே உயிரோடு நடமாடும் அந்த மற்றவரிடம் கேட்பதற்கு ஏதேனும் இருக்கிறது என்பதையே மறந்துவிடும் நிலை அச்சொல்லால் குறிக்கப்படுகிறது.

அந்தத் தலைமுறைக்குக் காதல் கதைகள் பெரும்பாலும் பைண்டு செய்யப்பட்ட தொடர்கதைகளாகவே வந்து சேர்ந்தன. வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்த பக்கங்களை அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வீட்டுக்கு வீடு கைமாற்றிய அத்தொகுதிகளில் சில அத்தியாயங்கள் விடுபட்டிருக்கும். விடுபட்டவற்றை முன்னரே படித்திருந்த பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி நிரப்புவார்கள். கதையைச் சொல்லும்போதே அதைப் பற்றிய தீர்ப்பையும் சேர்த்துச் சொல்வது அவர்களுடைய வழக்கம். இக்கட்டுரையாளரின் நினைவில் அழுத்தமாகப் பதிந்திருப்பவை கதைகளைக் காட்டிலும் அந்தத் தீர்ப்புகளே என்று கூறலாம். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களும் எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுமான அத்தைகளும் சித்திகளும், கதைத்தலைவன் உருகி உருகிப் பேசும் பக்கங்கள் வாசிக்கப்படும்போது, “அதெல்லாம் சரி, அவ என்ன சொன்னா?” என்று குறுக்கிட்டுக் கேட்பார்கள். திறனாய்வுக் கேள்வி என்று அதை அன்று எவரும் எண்ணவில்லை.

அக்கேள்விக்கு மிகவும் விரிவாக இடம் கொடுத்த நாவல் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. 1940களின் நடுப்பகுதியில் கல்கி இதழில் தொடராக வந்த அந்நூலில், ஆயனச் சிற்பியின் மகளான சிவகாமியைச் சூழ்ந்து இருவகை ஈடுபாடுகள் இயங்குகின்றன. ஒன்று பல்லவ இளவரசன் நரசிம்மனுடைய காதல். மற்றொன்று புத்த பிக்குவின் கோலத்தில் உலவும் நாகநந்தியின் வேட்கை. நாகநந்தியை வெறும் தீயவனாகப் படைத்திருந்தால் கல்கிக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், கலையை உண்மையாகவே உணரத் தெரிந்தவனாகவும், சிவகாமியின் நடனத்தை அவளைச் சூழ்ந்திருந்த பலரையும்விட நுட்பமாக அறிந்தவனாகவும், அவளுக்காக எதையும் துறக்கக்கூடியவனாகவும் அவனைப் படைத்தார். உணர்ச்சியின் ஆழத்தையே அளவுகோலாகக் கொண்டால் நாகநந்தி எந்தக் காதலனுக்கும் குறைந்தவன் அல்லன். ஆயினும் அவனுடைய உலகில் சிவகாமி என்பவள் காணப்படும் ஒருத்தியாகவே இருக்கிறாள். அவளுடைய மறுப்பு அவன் காதில் விழுகிறதே தவிர, அவனுடைய முடிவுகளில் அது எந்த மாற்றத்தையும் ஏற்படுத்துவதில்லை. திண்ணையில் அந்நாவல் வாசிக்கப்பட்ட நாட்களில் நாகநந்தியின்பால் இரக்கம் கொண்ட பெண்கள் இருந்தார்கள், ஆனால் அவனைக் காதலன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. இந்த வேறுபாட்டை அவர்கள் எவ்வித விளக்கமும் இல்லாமல் உணர்ந்திருந்தார்கள்.

அதே நாவலில் மற்றொரு நுட்பமும் உண்டு. வாதாபியில் சிறையிருக்கும் சிவகாமி, தன்னை மீட்க மறைவாக வந்த நரசிம்மனோடு புறப்பட மறுத்து, அந்நகரம் எரிந்த பிறகே வருவேன் என்று சூளுரைக்கும் இடத்தில், பித்தின் இடம் மாறுகிறது. அதுவரை பிறருடைய வேட்கைக்கு இலக்காக இருந்தவள், தான் நேசித்தவனுடைய சொல்லையே கேட்க இயலாத நிலைக்குத் தன் சபதத்தால் வந்து சேர்கிறாள். இடையில் ஓடிய ஆண்டுகளில் அவன் வேறொருத்தியை மணந்துவிட்டான் என்பதை அவள் இறுதியில் அறியும்போது, வாசகரின் துயரம் யார்மீதும் குற்றம் சுமத்த முடியாத துயரமாகிறது. காதலிப்பவர், காதலிக்கப்படுபவர் என்ற இரு நிலைகளில் எதிலிருந்தும் பித்து தொடங்கலாம் என்பதைத் தொடர்கதை வடிவிலேயே காட்டிய அரிய படைப்பு அது.

கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்றபோது தொல்காப்பியத்தின் அகத்திணையியலைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், திண்ணையில் கேட்ட அதே கேள்வியை இலக்கண மொழியில் எழுப்பினார். தொல்காப்பியர் அகத்திணைகளை ஏழாக வகுத்து, முதலில் கைக்கிளையையும் இறுதியில் பெருந்திணையையும் வைத்து, இடையில் குறிஞ்சி முதலிய ஐந்தையும் நிறுத்துகிறார். ஒத்த அன்புடைய இருவரின் காதல் நடுவில் உள்ள ஐந்துக்கு உரியது. ஒருதலையான காமம் கைக்கிளை எனப்படும். பொருந்தாக் காமமும் அளவிறந்த காமமும் பெருந்திணை எனப்படும். இவ்வளவும் எந்தப் பாடநூலிலும் கிடைப்பவையே. அந்த ஆசிரியர் மாணவர்களை நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொன்னது கைக்கிளைக்குரிய நூற்பாவின் ஒரு கூற்றை. காமத்துக்கு இன்னும் முதிராத இளையவள் ஒருத்தியின்மீது மனம் வைத்துத் துன்புறும் ஒருவன், தன்னையும் அவளையும் பற்றித் தானே பலவாறு சொல்லிக்கொண்டு, அவளிடமிருந்து எதிர்ச்சொல் பெறாத நிலையிலும் அப்படிச் சொல்வதிலேயே இன்பம் காண்கிறான் என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். அவன் எவ்வளவு விரும்புகிறான் என்பது அங்கே அளக்கப்படவில்லை என்பதையும், மறுமொழி வராதது அவனுக்குத் தடையாகத் தோன்றாமல் தன் பேச்சே அவனுக்கு இன்பமாகிவிடுவதையே இலக்கணம் குறித்து வைத்தது என்பதையும் அந்த ஆசிரியர் மிகுந்த பரிவோடு விளக்கினார்.

மடலேறுதல் பற்றிய வகுப்பு அதனினும் கூர்மையாக நினைவில் நிற்கிறது. மடலேறுதல் என்பது காதலியைப் பெற இயலாத தலைவன், பனை மடலால் குதிரை போல் ஒன்று செய்து, எருக்கம்பூ மாலை சூடி, அவள் உருவம் எழுதிய படத்தைக் கையில் ஏந்தி, ஊர்த்தெருவில் அதன்மீது ஏறி வருவதாகும். கருக்கு நிறைந்த மடல் அவன் உடலைக் கிழிக்கும். அவனுடைய நாணமும் ஊரார் முன் அழியும். அந்தக் காட்சியைக் கண்ட ஊரார் பெண்ணின் சுற்றத்தாரிடம் சென்று பேசுவார்கள். சங்கப் பாடல்களில் தலைவன் பெரும்பாலும் மடலேறுவேன் என்று தோழியிடம் சொல்வதோடு நிற்கிறான். உண்மையில் ஏறிவிட்டால் அது பெருந்திணையின் பாற்பட்டதாகிவிடும். ஏறாத மடல் அந்தக் கடைசி எல்லைக்கு இப்பால் வைக்கப்படும். திருக்குறளிலும் நாணுத் துறவுரைத்தல் என்னும் அதிகாரம் இம்மரபைத் தொட்டே அமைந்தது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் இலக்கணம் கோடு கிழித்தது வியக்கத்தக்கது என்று மாணவர்கள் ஒப்புக்கொண்டிருந்த வேளையில், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, ஏறுவேன் என்று சொல்வதுமட்டும் மிரட்டல் ஆகாதா, தன் படம் தெருவில் வரும் என்று கேள்விப்பட்ட பெண்ணுக்கு அதன் பிறகு மறுக்கும் உரிமை எஞ்சியிருக்குமா என்று கேட்டாள். ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. பெண்கள் மடலேறுதல் மரபில் இல்லை என்று தொல்காப்பியரே விலக்கியிருப்பதையும், அந்த விலக்கை மீறித் திருமங்கையாழ்வார் தம் திருமடல்கள் இரண்டையும் பெண் குரலில் பாடியதையும் எடுத்துச் சொல்லி, மரபு இந்தக் கேள்வியை முடித்து வைக்கவில்லை என்று மட்டும் கூறினார். அந்த நேர்மைக்காகவே அவருடைய வகுப்பு மறக்க இயலாததாயிற்று. இலக்கணத்தின் கோடு பயனுள்ளதுதான். ஆனால் அந்த மாணவியின் கேள்வி அதைவிட ஓர் அடி முன்னே சென்றது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மணிமேகலைக் காப்பியம் அந்தக் கேள்விக்கு ஒரு முழுக் கதையையே விடையாகத் தருகிறது எனலாம். சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையைத் தேடி உவவனத்துக்கு வரும்போது அவள் பளிக்கறைக்குள் புகுந்துகொள்கிறாள். கண்ணுக்குத் தெரியும் அவளைக் கைப்பற்ற அவனுக்கு வழியில்லை. முற்பிறப்பில் அவன் இராகுலன் என்ற பெயரில் அவளுடைய கணவனாக இருந்தவன் என்பது பின்னர்த் தெரியவருகிறது. அவள் மனமும் அவன்பால் சாய்ந்தது என்பதைக் காப்பிய ஆசிரியரான சாத்தனார் மறைக்கவில்லை. சாதாரணக் கதைசொல்லி ஒருவர் இவ்விரண்டையும் கொண்டு அவர்களைச் சேர்த்து வைத்திருப்பார். முற்பிறப்பின் உறவோ இப்பிறப்பின் சாய்வோ எதுவும் அவள் தெரிந்தெடுத்த துறவுக்கு மேலான உரிமையை அவனுக்குத் தந்துவிடாது என்ற உறுதியைச் சாத்தனார் கைவிடவே இல்லை. காயசண்டிகையின் வடிவம் கொண்டிருந்த மணிமேகலையை உதயகுமரன் விடாது பின்தொடர, காயசண்டிகையின் கணவனான விஞ்சையன் காஞ்சனன் தவறாகப் புரிந்துகொண்டு அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். ஒருவனுடைய வேட்கையும் மற்றவனுடைய ஐயமும் மோதிய அந்த இடத்தில், இருவருமே யாரைக் குறித்துச் சண்டையிட்டார்களோ அவளிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அந்த மரணம் நேர்ந்திருக்காது.

திரையரங்குகள் இந்த மரபைப் பெரிதும் திரித்தன. 1980களிலும் 90களிலும் வந்த எண்ணற்ற படங்களில் கதைத்தலைவன் நண்பர் கூட்டத்தோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒரு பெண்ணை வழிமறித்துப் பாடுவதும், அவள் முதலில் சினந்து, பின்னர் அழுது, இறுதியில் இணங்குவதும் கதையின் இயல்பான நடையாக ஏற்கப்பட்டிருந்தன. அவளுடைய ‘மாட்டேன்’ என்பது இடைவேளை வரைக்குமான ‘மாட்டேன்’ என்று பார்வையாளர் பழகிப்போயினர். பித்தைச் சித்திரித்தது அப்படங்களின் குற்றம் என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. பித்து எல்லாக் காலத்தும் புனைவுக்கு உரிய பொருளே. அந்தப் பித்துக்குப் பரிசாக அவளுடைய சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான் குற்றம்.

1991ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘குணா’ இந்த வகையில் தனித்து நிற்கிறது. சந்தானபாரதி இயக்கி, கமல்ஹாசன் நடித்த அப்படத்தில், மனநிலை பிறழ்ந்த ஒருவன் தான் கண்ட பெண்ணை அபிராமி என்று நம்பி அவளைக் கடத்திச் சென்று மலைக்குகை ஒன்றில் வைத்திருக்கிறான். கொடைக்கானலில் அந்தக் குகைக்கு இன்று படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. அவள் எதிர்க்கிறாள், தப்பியோட முயல்கிறாள், பிறகு மெல்ல அவனுடைய நம்பிக்கைக்குள் வருகிறாள். இந்த மாற்றம் அழகாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பதாலேயே அது கலக்கம் தருவதும் ஆகிறது. அடைத்து வைக்கப்பட்டவளின் இணக்கத்தை விரும்பித் தந்த மறுமொழியாகக் கொள்ளலாமா என்ற ஐயத்தைப் படம் தீர்த்து வைப்பதில்லை. அதே ஆண்டில் வந்த கதிரின் ‘இதயம்’ இதற்கு நேர் எதிரானதாகப் போற்றப்பட்டது. முரளி ஏற்று நடித்த மருத்துவ மாணவன், காதலைச் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே சுமந்து நோயாளியாகிறான். விடுதி மாணவர்கள் பலர் அப்படத்தைத் தூய காதலின் எல்லையாகக் கொண்டாடியதை இக்கட்டுரையாளர் அருகிருந்து கண்டிருக்கிறார். ஆனால் சொல்லாதிருப்பவனும் மறுமொழிக்கு இடம் தராதவனே; அவன் காதலித்த பெண் விரும்பும் நிலைக்கு வந்த பிறகு, எந்த அதிர்ச்சியையும் தாங்காத அவனுடைய இதயம் அவளுடைய சம்மதத்தைக் கேட்கவே முடியாததாகிவிடுகிறது. கைக்கிளையின் மென்மையான வடிவமும் எங்கே சென்று முட்டும் என்பதை, அறிந்தோ அறியாமலோ, அப்படத்தின் முடிவு துல்லியமாகச் சொல்லிவிட்டது.

பெண்களைத் தெருவில் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998இல் தனிச் சட்டம் வந்ததும், 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பின்தொடர்தல் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டதும் இங்கே குறிப்பிடத்தக்கன. 2016இல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்ட பின்னர், திரைக்காதலின் இலக்கணம் பற்றிய விவாதம் பரவலாக எழுந்தது. ஒரு கொலைக்கு ஒரு பாட்டோ படமோ காரணம் என்று சொல்வது ஆராய்ச்சிக்கு நிற்காது. எனினும் மறுப்பைக் கேட்காத காதலனைப் பல தலைமுறைகள் கைதட்டி வரவேற்றன என்ற உண்மை அதனால் மறைந்துவிடப் போவதில்லை.

இந்தப் பொருளில் தமிழ் உரைநடை எட்டிய உயரம் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்து பின்னர் நூலாகி, 1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் திரைப்படமாகவும் ஆன அந்நாவல், கும்பகோணத்தில் படிக்கும் பாபு என்ற இளைஞன், தன்னைவிடப் பத்து வயது மூத்தவளான யமுனாவின்மீது கொண்ட ஈர்ப்பைச் சொல்கிறது. கும்பகோணத்தையும் அதன் தெருக்களையும் அறிந்த வாசகர்களுக்கு அந்நாவல் ஒரு வகையில் ஊர்ச்செய்தியாகவே இருந்தது. கிளை நூலகத்தில் அதன் பிரதி எப்போதும் வெளியிலேயே இருக்கும், திரும்பி வரும்போது முதுகு கிழிந்திருக்கும். பாபு யமுனாவை முதலில் தெய்வமாக வழிபடுகிறான். வழிபாடும் ஒருவரைப் பேசவிடாமல் செய்யும் வழிதான் என்பதை ஜானகிராமன் மிகவும் பொறுமையாக வெளிப்படுத்துகிறார், ஏனெனில் பீடத்தில் வைக்கப்பட்டவளுக்குத் தஞ்சை மராத்தியத் தாய்க்குப் பிறந்ததால் வரன் தட்டிப்போகும் துயரமும், பின்னர் வறுமையும் பசியும் உண்டு என்பது பாபுவுக்குத் தெரிந்தும் மனத்தில் தங்குவதில்லை. அவன் தன் விருப்பத்தைச் சொல்லும்போது யமுனா மறுக்கிறாள். அந்த மறுப்பு முழுமையான மறுமொழி. அது கோபமோ நாணமோ பாசாங்கோ அன்று. பாபுவும், எவ்வளவு தவித்தாலும், அதைக் கேட்டுக்கொண்டு விலகியிருக்கத் தெரிந்தவனாகவே இருக்கிறான். ஆண்டுகள் கழிந்து, சென்னையில், வாழ்க்கை அவளை அடித்துப் போட்ட பிறகு, அவள் தானாக இணங்கும் இடத்தை நாவல் வெற்றியாகக் கொண்டாடவில்லை. இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்ற பொருள்பட அவள் கேட்கும் கேள்வி தமிழ் வாசகர்களிடையே பழமொழி போல் வழங்குகிறது. ஒருதலைக் காமம் தன் நெடிய பேச்சுக்குப் பிறகு பெற்ற எதிர்ச்சொல் அது. அதில் கனிவும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. நன்றிக்கடனும் களைப்பும் கலந்த அந்த இணக்கத்தை முழு விருப்பம் என்று கொள்ளலாமா என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு இடமளித்ததும் நாவலின் வலிமையே.

ஆயினும் இந்நாவலைப் பற்றிய பேச்சுகளில் யமுனாவுக்குக் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்கும் தங்கம்மாவுக்குக் கிடைத்ததில்லை. முதியவர் ஒருவருக்கு மனைவியாக்கப்பட்டு அண்டை வீட்டில் வாழும் இளம்பெண்ணான அவள், இரவில் பாபுவைத் தேடி வருகிறாள். அவன் ஒருமுறை இணங்கிவிட்டு, பிறகு யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாக எண்ணிக் குமைந்து, அவளை அருவருத்து ஒதுக்குகிறான். அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பாபு யமுனாவைக் குறித்துக் கொண்டிருந்த அதே தவிப்பைத்தான் தங்கம்மா பாபுவைக் குறித்துக் கொண்டிருந்தாள்: அதே உறக்கமின்மை, ஒரு பார்வைக்கான அதே ஏக்கம், மறுக்கப்பட்ட பின்னும் அடங்காத அதே மனம். பாபுவின் தவிப்பை வாசகர் உள்ளிருந்து காண்பதால் அது காதலாகத் தோன்றுகிறது. தங்கம்மாவின் தவிப்பை அவனுடைய அச்சத்தின் வழியே வெளியிலிருந்து காண்பதால் அது தொல்லையாகத் தோன்றுகிறது. இரண்டு உடல்களில் ஒரே காய்ச்சலை வைத்து, ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களையும் மற்றொன்றுக்குச் சில இரவுகளையும் ஜானகிராமன் ஒதுக்கியது தற்செயல் என்று கொள்ள முடியாது. பாபு மறுத்தது அவனுக்குள்ள உரிமை. தான் யமுனாவிடம் வேண்டியது என்ன என்பதை உணர்ந்த ஒருவன், அந்த மறுப்பைத் தங்கம்மாவிடம் மனிதர் மனிதரிடம் பேசுவதுபோல் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடும், ஆனால் அவன் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். நூலகத்துத் தாழ்வாரத்தில் அந்நாவலைப் பற்றி இளைஞர்கள் யமுனாவின் அழகையும் பாபுவின் இசைக் குருவான ரங்கண்ணாவின் சங்கீதத்தையும் பேசிக்கொண்டிருந்த பொழுதொன்றில், நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவர்கள் பக்கம் திரும்பி, “தங்கம்மாவுக்கு யாராவது பதில் சொன்னீங்களா தம்பி?” என்று கேட்டார். கதைமாந்தருக்கு வாசகர் எப்படிப் பதில் சொல்வது என்று ஒருவர் திருப்பிக் கேட்டபோது, பாபு சொல்லாமல் விட்டதை வாசிப்பவராவது யோசித்துப் பார்க்கத்தான் ஜானகிராமன் அவளை அந்த வீட்டில் குடிவைத்தார் என்று அவர் விளக்கினார். பின்னர் அந்நாவலைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டு போனார்.